வீரனின் மூக்கு

கணக்காளர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பாத்திரம் பண்டம் எதற்கும் இடமில்லை. எல்லாம் பொம்மை வீரர்கள். அதிலும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் பொம்மை என்றால் அவருக்குக் குமட்டும். பழைய பாணிப் பொம்மையின்மேல், கம்பெனியைக் கேட்காமல், யாராவது ஒரு கலைஞன் கைப்பட வேறு வண்ணம் தீட்டியிருக்க வேண்டும். "உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவார். பெற்ற மகள் முதல் மார்க் வாங்கியபோதுகூட அந்த நெஞ்சு இவ்வளவு நிமிரவில்லை.

ஒருநாள் மனைவி தூசி தட்டும்போது ஒரு வீரனின் மூக்கில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. கணவரிடம் மூச்சுவிடாமல் அவள் தன் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்து ஒப்பேற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் இருவர் வந்தார்கள். கணக்காளர் பூதக்கண்ணாடியை நீட்டினார்.

"மூக்கைப் பாருங்க சார். இந்தப் பளபளப்பு வேற எவன் கைக்கும் வராது!"

காப்பியோடு வந்த மனைவியால் அடக்க முடியவில்லை. "அது என் நெயில் பாலிஷுங்க."

நண்பர்கள் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. அவர்கள் படியிறங்கியதும் கணக்காளர் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து, மனைவியின் கைவண்ணத்தை மட்டும் துடைக்க உட்கார்ந்தார். ஆத்திரத்தில் அழுத்தித் தேய்த்ததில் கலைஞன் தீட்டிய முகம் முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. அடியிலிருந்து அசல் கடைப் பொம்மை ஈயென்று இளித்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இப்ப இது உலகத்துல எத்தனைங்க?"