வெறும் ஜர்னல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கானாவில், ஹோ ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பட்டப்பகலில், என் காதால் கேட்டது இது.

எங்கள் செய்தி வாசிப்பாளர் எனியோனாம் மார்ச்சில் ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே செத்துப்போனாள். திருடு போய்விடும் என்று மேனேஜர் தோட்சே ஜெனரேட்டரை அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார். புகை உள்ளே போகும், ஆனால் உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. அவள் அம்மாவிடம் அந்த ஆள், "நெஞ்சு வலிம்மா" என்று கூசாமல் சொன்னார். பெட்ரோல் தீர்ந்து கணினியும் அணைந்ததில் அவளுடைய கடைசிப் பதிவு தொலைந்தது.

"அடக்கத்துல அவ குரலைப் போடணும் தம்பி. கடைசியா பேசினதை எப்படியாவது எடுத்துக் குடுப்பா..." எங்கள் ஊரில் அடக்கத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்; அதுவரை அம்மா தினமும் வந்தார்.

ஏப்ரலில், இனியாவது எதுவும் தொலையக் கூடாதென்று லினக்ஸ் கணினியின் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையை, பழைய எக்ஸ்ட்-2இலிருந்து புதிய எக்ஸ்ட்-3க்கு மாற்றினேன். புதியதில் ஜர்னல் உண்டு. வட்டில் எழுதும் முன் கணினி அதில் குறித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால், அதைப் பார்த்து விட்டதைச் சரிசெய்யும்.

ஒரு நாள் மதியம் 2:10. கரண்ட் போனது.

2:25. வந்தது. தெருவே கைதட்டிக் கூச்சல் போட்டது.

திரையில் ஒரு வரி... 'ஜர்னலிலிருந்து மீட்கிறேன்.'

பெயர் தொலைந்த அநாதைக் கோப்புகள் வந்து விழும் இடத்தில், புதிதாக ஒன்று. ஓட்டினேன்.

எனியோனாம்! செய்தி வாசிக்கிறாள். இருமுகிறாள்... நாக்கு குழறுகிறது...

டொக். டொக். ஜன்னல் கண்ணாடியைத் தட்டுகிறாள்.

"தோட்சே சார்... ஜெனரேட்டரை நிறுத்துங்க..."

டொக்...

பின்னால் தோட்சே நின்றார். கையில் பாதி தின்ற அக்பிலே, சோளமாவுக் களி உருண்டை.

"அழிச்சிடு."

"முடியாது சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

சி.டி.யில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். வேலை போனது. போகட்டும், அந்தச் சோறு எனக்கு இறங்கியிருக்காது.

கடைசி நாள், பொறுப்பை ஒப்படைக்கும்போது செட்டிங்ஸைத் திறந்தேன். எங்கள் தொழிலில் பலரும் செய்யும் தப்பு... ஜர்னலை உருவாக்கிவிட்டு, வட்டைத் திறக்கும் வரியில் எக்ஸ்ட்-2 என்பதை மாற்ற மறந்திருந்தேன். அப்படி விட்டால் கணினி ஜர்னலைத் தொடவே தொடாது.

ஜர்னலுக்குள்ளே பார்த்தேன்.

உருவாக்கிய நாள் முதல் அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

அப்படியென்றால்... அவளை எதிலிருந்து மீட்டது?