இரண்டு டப்பா வெடிமருந்தும் டீச்சரின் கையும்

எங்கள் துப்பாக்கி கிளப்பில் பிஸ்டல் தோட்டா போடும் பொறுப்பு என்னுடையது. உரிய அனுமதியோடுதான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, புது மருந்தும் ஈயக் குண்டும் அடைத்துக் கொடுப்பேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைக்காரன் நான். நூலளவு பிசகினாலும் பொருளைத் தூக்கி எறிகிற ஆள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

அதில் மண்ணை அள்ளிப் போட்டவர் ஒரு கணக்கு டீச்சர். போத்தனூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஸ்கூட்டரில் நேராக கிளப்புக்கு வந்துவிடுவார். மாவட்டப் போட்டியில் நான் போட்ட தோட்டாவை வைத்தே என்னைத் தோற்கடித்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு, "அண்ணன் போட்டுக் குடுத்த தோட்டாதானுங்க ஜெயிச்சுது. நான் சும்மா வெரல மடக்குனேன், அவ்வளவுதான்," என்றார். மனசாரத்தான் சொன்னார். பின்வரிசையில் ஒருத்தர், "அதே தோட்டாதானுங்களே அண்ணன்கிட்டயும் இருந்துது?" என்று கேட்டார். கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் கிளப்புக்கு வேறொரு புகையில்லா வெடிமருந்து வந்து சேர்ந்தது. வழக்கமாக நாங்கள் போடுவது ரவை போலப் பொடிமணி. அளக்கும் குழாயில் ஒரே சீராக இறங்கும். புதியது அவல் போலத் தட்டை. குழாயில் ஒட்டிக்கொண்டு ஒரு தடவை கொஞ்சம் கூட விழும், ஒரு தடவை கொஞ்சம் குறைய விழும். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு குண்டு மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும் என்று எனக்குச் சந்தேகம். எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி கமிட்டியில் கேட்டார்கள்.

பிஸ்டலை இரும்புத் தாங்கியில் பூட்டிச் சுட்டுப் பார்ப்பதுதான் முறை. அந்தத் தாங்கியை என் பட்டறையில் ஒரு மத்தியானத்தில் செய்திருப்பேன். செய்யவில்லை. கிளப்பிலேயே ஆடாத கை ஒன்று இருக்கிறதே, அது போதும் என்று முடிவு செய்தேன்.

மாநில அணித் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. இந்த முறை டீச்சருக்கு இடம் நிச்சயம் என்று எல்லோரும் பேசினார்கள். அவரும் அதையே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் ரவை மருந்து, அடுத்த வாரம் அவல் மருந்து என்று அவரிடம் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பெட்டியும் லேபிளும் ஒன்றே. அவர் சுட்ட குறி அட்டைகளை வாங்கி வந்து நோட்டில் ஒட்டினேன். நாலே வாரத்தில் விடை தெரிந்துவிட்டது: அவல் மருந்து போட்டிக்கு உதவாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு அவருக்கு அவல் மருந்தை மட்டுமே போட்டுக் கொடுத்தேன். அவர் அட்டையில் குண்டுகள் மேலும் கீழும் சிதறின.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் இரண்டாம் வாரமே தோட்டாவைத் தூக்கி என் மேஜையில் வீசியிருப்பார்கள். எங்கள் பக்கத்து மரியாதை அதற்கு விடாது. பக்கத்தில் நின்று சுடும் ஒருவர், "ஏனுங் டீச்சர், வேற தோட்டா போட்டுப் பாருங்களே," என்றதற்கு, "அண்ணன் எனக்குன்னு மெனக்கெட்டுப் போட்டுக் குடுக்கறாருங்க. அதப்போயி குத்தஞ் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். என் காதுபடத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

தோட்டாவைக் குறை சொல்ல வாய் வராததால் கையைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா நடுக்குவாதத்தில் பல வருஷம் கிடந்து செத்தவர். ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாத அந்தக் கையைப் பற்றி என்னிடமே பேசியிருக்கிறார். டாக்டரிடம் போய்க் காட்டினார். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் மேஜைக்கு வந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"டாக்டருக்கு என்னங்ணா தெரியும்? நீங்க வருசக்கணக்கா என்ற கையப் பாத்தவரு. உண்மையச் சொல்லுங்க, ஆடுதுங்ளா?"

பார்த்தேன். கல்லில் செதுக்கின மாதிரி அசையாமல் இருந்தது.

"லேசா ஆடுதுங் டீச்சர்," என்றேன். "வயசாகுதல்லங்க."

அழவில்லை. "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்ணா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தேர்வுக்கு வரவில்லை. பிஸ்டலை லைசென்ஸோடு ஒப்படைத்துவிட்டார். இரண்டு மருந்தையும் பற்றி நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைக் கமிட்டியில் எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையிலேயே நல்ல அறிக்கை அது.

இந்த வருஷம் டீச்சருடைய மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். போத்தனூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டுப் பிரியாணி. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மகளின் மடியில் கிடந்த குழந்தையின் கழுத்தில் டீச்சர் மெல்லிய சங்கிலியைப் போட்டார். கடுகளவு கொக்கி, முதல் தடவையிலேயே மாட்டியது.

"போட்டோவுக்குக் கொஞ்சம் வாங்கிக்கம்மா," என்று மகள் குழந்தையை நீட்டினாள்.

டீச்சர் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "வேண்டாங்கண்ணு. என்ற கை ஆடும். கீழ போட்டுட்டன்னா?"

"பொறந்ததுல இருந்து ஒருக்காகூட தூக்குலியேம்மா," என்றாள் மகள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, நீங்களே சொல்லுங்க இவளுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாங்கண்ணு," என்றேன். "எதுக்கு ரிஸ்க்கு?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீங்களே புடிங்க மாமா," என்று குழந்தையை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.