ஆறு தாண்டாத பிள்ளை

மூன்றாம் மாதம் என் மகனை அம்மா வீட்டிலிருந்து அழைத்து வந்தபோது, வேப்பிலையும் சிறு கத்தியும் மடியில் வைத்துக்கொண்டுதான் வைகையைத் தாண்டினேன். இனி குலதெய்வம் கோயிலில் மொட்டை எடுக்கும்வரை பிள்ளை மறுபடி ஆறு தாண்டக் கூடாது என்றார் என் மாமியார். நாங்கள் வடகரையில், கே.கே. நகரில் இருக்கிறோம். அம்மா வீடு தென்கரையில். மொட்டை மாசி சிவராத்திரிக்குத்தான். அதற்கு வெகுநாள் முன்பே அப்பா இறந்துவிட்டார். கணவனை இழந்தவள் வருடம் திரும்பாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது இன்னொரு முறை. பிள்ளை அங்கே போக முடியாது, அம்மா இங்கே வர முடியாது.

பழைய பாலத்தில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, டைல்ஸ் பதித்து, தொட்டிகளில் அரளி வைத்து நடைப்பூங்கா ஆக்கியபோது எனக்கு அந்த யோசனை வந்தது. பாலம் யாருடைய வீடும் இல்லை. பாதி வரை போனால் ஆறு தாண்டியதாகவும் ஆகாது. மாமியாரிடம் அனுமதி கேட்டேன். சொல்லாமலே போயிருக்கலாம்தான். ஆனால் அன்றிரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதனால்தான் என்று முதலில் நினைப்பவள் நானாகத்தான் இருப்பேன். நடுவைத் தாண்டாதே என்று சொல்லி அனுப்பினார்.

தலையில் இருந்த மல்லிகையை ஆட்டோவிலேயே எடுத்துப் பைக்குள் போட்டேன்.

கீழே ஆகாயத்தாமரையும் கருவேலமும் மண்டிக் கிடந்தன. சாக்கடை ஒரு கோடாக ஓடியது. தாண்டக் கூடாத ஆறு அதுதான். நடுவில் இருந்த பெஞ்சருகே நின்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா வெறும் நெற்றியோடு வந்தாள். ஓடி வந்து வாங்குவாள் என்று பிள்ளையை நீட்டினேன். அவள் இரண்டு எட்டுத் தள்ளியே நின்றுவிட்டாள்.

"வேணாம்த்தா. மொட்டை முடியட்டும். உங்க மாமியா சொல்றதுல தப்பு இல்ல."

"நீ குளிப்பாட்டின பிள்ளைம்மா."

"அப்ப உங்கப்பா இருந்தாரு" என்றாள்.

பெஞ்சின் மறுஓரத்தில் உட்கார்ந்து கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். பல் முளைத்ததா, ராத்திரி தூங்குகிறானா என்று அங்கிருந்தே விசாரித்தாள். பிள்ளை அவளை யாரோபோலப் பார்த்தான்.

அப்போது ஷூ போட்டுக்கொண்டு வேகநடை நடந்து வந்த ஒரு பெண் நின்றாள். "கன்னத்தப் பாரு! வாரியாடா எங்க வீட்டுக்கு?" என்று என் கையிலிருந்து அவனை வாங்கிவிட்டாள். முத்தம் கொடுத்தாள். அவன் சிரித்தான்.

"முதுகத் தாங்கிப் பிடிங்கம்மா, துள்ளுவான்" என்றாள் அம்மா.

"பாட்டியா? இந்தாங்க, நீங்க தூக்குங்க."

"எனக்குக் கை சொகமில்லம்மா."

அந்தப் பெண் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு நடையைத் தொடர்ந்தாள். அம்மா அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றைக்கெல்லாம், வெயில் ஏறுது, போ என்று என்னை அனுப்பினாள். நான் அவனை அவள் மடியில் போட்டிருக்கலாம். போட்டு, அவள் பதறி எழுந்திருந்தால்? இதை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டார்.

"உங்கம்மா தூக்குனாகளா?"

இல்லை என்றேன்.

"விவரமான பொம்பள" என்றார், மனதாரத்தான்.

இதை அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. கேட்டால் அவள் சந்தோஷப்பட்டுவிடுவாள்.