அமலராணியின் ஒற்றைத் தாள்

டேப்பை ஒட்டுகிறார். கட்டைவிரலால் ஒருமுறை நீவுகிறார். மூச்சை அடக்கி உரிக்கிறார். டேப்போடு கருஞ்சாம்பல் படலம் ஒன்று கழன்று வர, அடியில் இருக்கும் கிராஃபைட் சில்லு அப்போதுதான் துடைத்த கண்ணாடி போல மின்னுகிறது. அமலராணி தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். "ம்ஹூம், சரியில்ல. இன்னொருக்கா." மேசை விளிம்பு முழுக்க உரித்த டேப்புகள் தோரணமாகத் தொங்குகின்றன.

திண்டுக்கல்லுக்கு வெளியே, வத்தலக்குண்டு சாலையை ஒட்டிய எங்கள் கல்லூரியில் அவர் இயற்பியல், நான் தமிழ். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்தான் அவருடைய உலகம். "அது கட்டின்னு நெனைக்காதீக சார், அம்புட்டும் அடுக்கு. ஒண்ணு மேல ஒண்ணா தாளு. ஒவ்வொரு தாளும் ஒரே ஒரு அணு கனம். அதுல ஒத்தத் தாள மட்டும் பிரிச்சா அதான் கிராஃபீன்." வெளிநாட்டில் சிலர் டேப்பாலேயே அதைப் பிரித்துவிட்டார்கள். இவருக்கு அது போதாது. டேப் மேல்பரப்பைப் புதுசாக்க மட்டும்தான்; தாளை நினைத்த இடத்தில், ஊசிமுனையால் பிரிக்க வேண்டும்.

ஊசி இருப்பது ஒரு நுண்ணோக்கியில். கிராஃபைட்டைத் தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்தில் நகர்ந்து, மேடு பள்ளங்களைக் கணினித் திரையில் வரைந்து காட்டும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதே ஊசி மேல்தாளின் ஓரத்தை இழுத்து மடிக்கும். கேட்க எளிதுதான். ஆனால் சாலையில் ஒரு லாரி போனால் போதும், ஊசி ஆடிவிடும். அதற்காகக் கருவியைக் கடப்பைக் கல் மேல் ஏற்றி, கல்லுக்கு அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்களைக் கொடுத்திருக்கிறார். உள்ளே செருப்புச் சத்தம் கூடாது, தும்மல் கூடாது. கணவர் காமராஜ் நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவரே வந்தாலும் வேனை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். "கட்டுன புருசனுக்கே இந்தக் கெடுபிடி" என்று காமராஜ் சிரிப்பார்.

ஊரே சலித்துக்கொள்ளும் ஒரு நாளை அமலராணி ஆசையாக எதிர்பார்ப்பார். காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அவருடைய முதல் கேள்வி: "சார், பந்த் கிந்த்னு பேப்பர்ல எதுவும் போட்ருக்கா?"

2008இல் அந்தக் கேள்வியில் சிரிப்புக் குறைந்திருந்தது. கல்லூரிக்கு இந்தக் கருவியைக் கொடுத்த ஆராய்ச்சி நிதிக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் கருவி சென்னைக்குப் போய்விடும். "ஊட்டி வளத்த பிள்ளைய ஆஸ்டல்ல விட்ட மாதிரி ஆயிரும் சார்" என்றார். அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

பிறகு ஒரு பந்த் வாய்த்தது. பேருந்து இல்லை, லாரி இல்லை. சைக்கிள் மிதித்து வந்த அமலராணி, கல்லூரிக் குடியிருப்பில் இருந்த என்னையும் கூப்பிட்டார். "வந்து பாருங்க சார். ஆனா நடக்கக் கூடாது, உக்காந்துக்கிரணும்."

முதல் முயற்சியில் தாள் கிழிந்து சுருண்டது. "பிஞ்சுபோச்சு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊசிமுனை மழுங்கியிருந்தது. ஊசிக்கான கம்பியைக் கட்டிங் பிளேயரால் சாய்வாக வெட்டிப் புது முனை செய்தார். மறுபடி ஓரம் தேடி, மின்னழுத்தத்தைக் கூட்டி, ஊசியை இழுத்தார். இனி படம் திரையில் கோடு கோடாக வரைந்து முடிய வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு காமராஜ் வந்தார். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. அமலராணி திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். மனிதர் அப்படியே நின்றார். தூக்கிய காலை இறக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்.

திரையில் ஒரு முக்கோணம் தெரிந்தது. புத்தகத்தின் பக்க நுனியை மடித்து வைத்தது போல மேல்தாளின் மூலை மடிந்து கிடந்தது. அமலராணி அதன் உயரத்தை அளந்தார். ஒரே ஒரு அணு கனம். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

"ஒத்தத் தாளு! ஏங்க, ஒத்தத் தாளுங்க!"

"சந்தோசம். இப்பவாச்சும் கால ஊண்டலாமா?" என்றார் காமராஜ்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் திரையில் கோடுகள் தாறுமாறாக ஓடின. அன்றைக்கு அமலராணி யாரையும் அதட்டவில்லை.

குழு வந்தது. படங்களைப் பார்த்தது, உயரங்களைச் சரிபார்த்தது. மூத்தவர் குனிந்து ஸ்கூட்டர் டியூபை விரலால் அமுக்கிப் பார்த்து, "காத்து குறையாம பாத்துக்கங்க" என்றார். கருவி இங்கேயே இருக்கும் என்று அதற்கு அர்த்தம்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். வத்தலக்குண்டுப் பேருந்து ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு, தரை அதிர வந்தது. அமலராணி சாலையோரம் இரண்டடி முன்னால் போய், ரயிலைக் கண்ட சிறுபிள்ளை போல இரண்டு கைகளையும் தூக்கி அதற்கு ஆட்டினார்.