ராணி தின்ற மல்லாட்டை

என் பேத்தி திண்டிவனத்தில் ஒரு காலேஜில் சரித்திரம் படித்தாள். கடைசி வருஷம் சொந்த ஊரைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால்தான் பாஸ்.

எங்கள் ஏரிக்கரையில் பெஞ்சு மாதிரி ஒரு கல் கிடக்கிறது. பிரம்மதேசம் கோயிலுக்குப் போன சோழ ராணி அதில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றாள் என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. அதைத்தான் எழுதினாள். ஆதாரத்துக்கு மூன்று பேர்: ரிட்டயரான வாத்தியார், பால் சொசைட்டிக்காரர், அப்புறம் நான்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. பேப்பரில் மல்லாட்டையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"ஆயா, மேடம் திருப்பிக் குடுத்துட்டாங்க. மல்லாட்டை வெள்ளைக்காரன் கப்பல் வந்த பிற்பாடுதான் நம்ம ஊருக்கு வந்துச்சாம். சோழ ராணி எப்பிடித் தின்னான்னு கேக்குறாங்க."

"கடிச்சித்தான் தின்னுருப்பா."

"வெளாடாத ஆயா! மூணு பேரும் யாருகிட்ட கேட்டாங்கன்னு விசாரிச்சி எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா இந்த வருஷமே போச்சு."

மறுநாள் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யப் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முட்டி வலித்தாலும் நானும் போனேன். இந்த வேடிக்கையை விட முடியுமா?

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "உங்கப்பன்தாம்மா நாலாவது படிக்கசொல்ல கட்டுரையில எழுதனான். நல்லா இருந்துச்சி. அடுத்த வருஷத்துலேருந்து நானே பசங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

என் மகனிடம் வாத்தியார் பாடம் படித்திருக்கிறார்!

பால் சொசைட்டிக்காரர், "எங்கம்மா சொல்லும். நடவுக்குப் போவசொல்ல கேட்டுக்கினு வரும்" என்றார்.

"யாருகிட்டண்ணே?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேத்தி போனை அணைத்துவிட்டு என்னை ஏரிக்கரைக்கே இழுத்துக்கொண்டு போனாள். "மூணு பேரு இல்ல, நீ ஒருத்திதான். சொல்லு, உனக்கு யாரு சொன்னா?"

"உங்க தாத்தா."

கல்யாணமான புதுசு. காணைப் பக்கத்தில் இருந்த என் அம்மா வீட்டிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறித் திண்டிவனம் வந்து, அப்புறம் நடை. அம்மா ஞாபகத்தில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அவர் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கியிருந்தார். இந்தக் கல் வந்ததும் உட்காரச் சொன்னார். புதுப்பெண், நாலு பேர் போகிற வழியில் எப்படி உட்காருவேன்?

"அட, சோழ ராணியே இங்க குந்திக்கினு மல்லாட்டை தின்னுட்டுத்தான் கோயிலுக்குப் போனா. நீ என்னா அவள விடப் பெரிய ஆளா?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. உட்கார்ந்தேன். அவர் உடைத்து உடைத்துக் கொடுத்தார். அதிகம் பேசாத மனுஷன். அப்புறம் காலம் முழுக்க, "சோறு போடு", "மாட்டக் கட்டு", அவ்வளவுதான். அதனால்தான் நடவு வயல் ஒன்று விடாமல் அந்தக் கதையைச் சொன்னேன். ராணிக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டது மட்டும் நான். அவர் போன பிறகும் யாராவது ராணிப் பேச்சை எடுத்தால், எனக்கு அவர் குரல்தான் கேட்கும்.

பேத்தி கல்லில் உட்கார்ந்தாள். "ராணிய எடுத்துடவா ஆயா?"

கல்லை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். "எடுத்துடு கண்ணு. உனக்குத்தான் டிகிரி வேணும். ராணிக்கு எதுக்கு?"

ஆனால் அவள் எடுக்கவில்லை. ராணி நிஜமாகவே வந்தாள் என்பதை மட்டும் அடித்துவிட்டு, அந்தக் கதை யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது என்பதையே கட்டுரையாக்கினாள். கொடுப்பதற்கு முன்னால் அடிக்குறிப்பை எனக்குப் படித்துக் காட்டினாள். "முதலில் சொன்னவர்: என் தாத்தா, விவசாயி. கேட்டவர்: என் ஆயா. இடம்: ஏரிக்கரைக் கல்."

"மல்லாட்டை எங்கடி?"

"அது எதுக்கு ஆயா? அதாலதான் பேஜாரே."

"அது ஒண்ணுதான்டி நெஜம். நான் தின்னேன்ல?"

சிரித்துக்கொண்டே சேர்த்தாள். பாஸ் போட்டு வந்த பேப்பரை நானே வாங்கிப் பார்த்தேன். மல்லாட்டையைச் சுற்றி வட்டம் இல்லை.