ஐந்தாம் மாடிப் பருத்தி

"உங்க வெண்டைச் செடியில இருக்கிற வெள்ளைப்பூச்சி என் கறிவேப்பிலைக்கு ஏறிடுச்சு லா! நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

கத்தியது பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா. சிங்கப்பூர் கிளமெண்டியில் ஐந்தாவது மாடி நடைபாதை, இரண்டு தொட்டி: என் பண்ணை அவ்வளவுதான். தொட்டி வைத்திருக்கும் சக பாவிகளே, இந்தத் தொழிலில் பூச்சியைச் சமாளிக்கலாம், பக்கத்து வீட்டை முடியாது. அது வெண்டை இல்லை, பருத்தி என்று திருத்த எனக்குப் பொறுமை இல்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

வம்பு நானே இழுத்தது. தெம்பனிஸில் இருக்கும் நாத்தனாரிடம், இந்தக் கார்த்திகைக்கு என் செடிப் பஞ்சில் திரித்த திரிதான் எரியும் என்று வாய்விட்டிருந்தேன். அவள் சிரித்தாள். "தேக்கா மார்க்கெட்டுல பாக்கெட்டா விக்குதே, அண்ணி."

இரண்டு நிறம்

முதல் பூ வெளிர்மஞ்சளாக விரிந்தது. நாத்தனாருக்குப் படம் அனுப்பினேன். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பு. பருத்திப் பூவின் குணம் அது. அதையும் அனுப்பி, கான்வென்டில் படித்த தாவரவியல் முழுவதையும் விளக்கினேன். பதில் வந்தது: "கடையில பிளாஸ்டிக் பூ வாங்கி ஒட்டுனாலும் ஒரே கலர்ல வாங்கியிருக்கலாம், அண்ணி."

குழம்புக்கு நாலு

ஏழு காய் பிடித்தது. ஒரு மத்தியானம் எண்ணினால் மூன்று. அக்கா வீட்டுக்கு ஓடினேன். வெட்டுப்பலகையில் என் நாலு காயும் பிளந்து கிடந்தன. இலையும் பூவும் வெண்டை ஜாதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு குண்டாக வெண்டைக்காய் யார் பார்த்தது? அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உள்ள ஒரே பஞ்சு லா. உங்களுக்கு வெண்டை வளர்க்கத் தெரியல."

சோப்புத் தண்ணீர்

இரண்டு காய் வெடித்து வெள்ளை வெளேரென்று நின்றன. குளித்துவிட்டு வந்து பறிக்கலாம் என்று போனேன். திரும்பினால் என் கணவர் கையில் ஸ்ப்ரே பாட்டில், குப்பைக்கூடையில் நுரையோடு என் பஞ்சு. முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அக்கா சொன்ன வெள்ளைப்பூச்சி இவ்வளவு பெரிசா வளரும்னு நான் நினைக்கவே இல்ல."

திரி

மிஞ்சிய ஒற்றைக் காய் கார்த்திகையன்று காலை வெடித்தது. சாயங்காலம் நாத்தனார் வந்தாள், அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தார். விளக்கில் எண்ணெய் ஊற்றியபிறகுதான் தெரிந்தது: விதை பஞ்சை விடாது. பிய்த்துப் பிய்த்து இரண்டு நகம் உடைந்தது. நாத்தனார் கைப்பையிலிருந்து பாக்கெட் திரியை எடுத்து மேசையில் வைத்தாள்.

பருத்திக்குக் கரிசல் மண்கூட வேண்டாம், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறந்து மற்ற இடத்தில் மூடத் தெரிந்த விவசாயி இருந்தால் போதும்.

"யாராவது இந்தப் பஞ்சுல விதையைப் பிரிச்சுக் கொடுங்களேன்" என்றேன். கணவரோடு சேர்த்து மூன்று பேரும் எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.