படிப்புச் சாமான்

என் சித்தி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. இளம் வயதில் வெளிநாட்டில் மூளையை மெல்லிய ஏடு ஏடாகச் சீவி, நினைவு அதில் எங்கே தங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் மூளை டாக்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, தலைவலிக்கு அவளிடம் மாத்திரை கேட்டார்கள். பிறகு சென்னைக்கே திரும்பி வந்து ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர் ஆனாள். இப்போது சில வருஷங்களாக அறநெறிக் குழுவில் இருக்கிறாள். ஆராய்ச்சி என்ற பெயரில் மனிதர்களை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பார்க்கிற வேலை. வருகிற விண்ணப்பங்களில் பாதியை "அவங்களைக் கேட்டீங்களா?" என்று எழுதித் திருப்பி அனுப்புவதால், கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கேட்டீங்களா மேடம்'. "மூளைல ஆரம்பிச்சா, உடம்புக்கு வந்தா, கடைசில காகிதத்துல வந்து நின்னுட்டா" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

போன மாதம் அடையாறில் சித்திக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. மூளையிலிருந்து அறநெறிக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார். சித்தி இங்கிலீஷில் நீளமாக, மரியாதையாக ஒரு பதில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் சமோசாவோடு உட்கார்ந்திருந்த நான் மட்டும் தட்டவில்லை. அந்தப் பதிலில் என் பெயரே வரவில்லை என்பதுதான் காரணம். போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. கும்பகோணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் என்ற வார்த்தையைச் சொன்னாலே அம்மாவின் அப்பாவுக்கு முகம் சிவக்கும். "மாப்பிள்ளை ஆத்துல இருந்து படிக்கறதுன்னா படிக்கட்டும். அவர் வாயிலேர்ந்து ஒரு குறை வந்தாலும் அன்னிக்கே கூட்டிண்டு வந்துடுவேன்" என்ற நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தார். ஜாதகத்தை வேறு எடுத்து வைத்துவிட்டார் என்று கேள்வி. ஆகவே சித்தியின் டாக்டர் படிப்பு முழுவதும் என் அப்பாவின் முகம் கோணாமல் இருப்பதில் நின்றுகொண்டிருந்தது. அப்பாவோ, தரையில் ஒரு பருக்கை சிந்தினாலே முகம் கோணுகிறவர். ஆசாரம் என்றால் அவருக்கு அவ்வளவு உயிர்.

சித்தி வந்த நாளிலிருந்து அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைத் தகரப்பெட்டி இருந்தது. அதில் என்ன என்று அப்பா ஒரு முறை கேட்டபோது, "படிப்பு சாமான், அத்திம்பேர்" என்றாள் சித்தி. பொய் இல்லை. அப்பாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வருஷத்துச் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எனக்கென்று ஒரு உத்தியோகம் உண்டு. யார் யாருக்கு எது படிப்போ, எது பிழைப்போ, அதையெல்லாம் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட வேண்டும். அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் பேனா, என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் இட்டு முடித்தேன். சித்தி பொரியும் வாழைக்கன்றும் வாங்க மாட வீதிக்குப் போயிருந்தாள். "சித்தியோட படிப்பு சாமானையும் கொண்டு வைடி, விட்டுடாதே" என்றார் அப்பா. சொன்னது அவர். இதை நான் பின்னால் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

பெட்டியைப் பாதி வெளியே இழுத்தேன், தூக்க முடியவில்லை. திறந்தேன். மேலாக, பழைய தாவணியில் சுற்றி ஒரு மண்டையோடு. எனக்குப் பயமே வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று உண்டு. அதன் வாயில் சாக்பீஸ் வைத்து விளையாடிய வகுப்பு எங்களுடையது. இதுவும் அந்த ஜாதி என்று நினைத்து, எடுத்துவந்து என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தேன். நெற்றி நல்ல அகலமாக இருந்ததால் பொட்டு மிக அழகாக அமைந்தது. எல்லாவற்றின் மேலும் அம்மாவின் பட்டுப்புடவையைப் போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அல்ல, உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல், கை கூப்பி நின்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு அர்ச்சனை செய்தார். கற்பூரம் ஏற்றிவிட்டுப் புடவையை விலக்கினார். அதே நேரம் வாழைக்கன்றோடு வாசலில் நுழைந்த சித்தி, "ஐயையோ!" என்று அலறினாள். அந்த அலறலில்தான் அது பிளாஸ்டிக் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

அப்பா கத்தவில்லை. போய்த் தலையோடு குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். "இதை இப்பவே வெளில எடு" என்றார். சித்தி கை நீட்டினாள். "தொடாதே!" என்றார் உடனே. சரஸ்வதி பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று புனர் பூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. பிணத்தின் எலும்பு வீட்டில் இருக்கக் கூடாது. பூஜையில் வைத்தது நகரக் கூடாது. அப்பா பாவம், அவருடைய சாஸ்திரமே அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. கடைசியில் சாஸ்திரிகளுக்குப் போன் செய்தார்.

சாஸ்திரிகள் அந்தப் பக்கம் கேட்கக் கேட்க, அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் சித்தியிடம் கேட்டார்.

"யாரோடதுன்னு கேக்கறார். பேர் என்ன?"

"தெரியாது அத்திம்பேர்."

"கோத்ரம்?"

"தெரியாது."

"எந்த ஊராம்? எப்படி உயிர் போச்சாம்? கொடுத்தது யாரு?"

"சீனியர்கிட்டேர்ந்து வாங்கினேன். அவ அவளோட சீனியர்கிட்டேர்ந்து வாங்கினாளாம். அதுக்கு முன்னாடி தெரியலை."

"வாங்கறச்சே கேக்க மாட்டியோ? கத்திரிக்காய் வாங்கினாக்கூட எந்த ஊர்க் காய்னு கேக்கறோமே!"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற பெண், எங்கள் வீட்டிலேயே அதிகம் படித்தவள், வாழைக்கன்றைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"சரி, ஆம்பளையா பொம்மனாட்டியா? அதாவது தெரியுமா?"

அது தெரிந்திருந்தது. கன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள். வகுப்பில் ஒப்பிக்கிற குரலில், "பொம்மனாட்டி. புருவ எலும்பு மேடா இல்லை. ஞானப்பல் பாதிதான் முளைச்சிருக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தவள், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பத்தொன்பதுதான்.

பெயரும் கோத்திரமும் இல்லாமல் தன்னால் எந்த மந்திரமும் சொல்ல முடியாது, நாளைக்கு எடுத்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்று சாஸ்திரிகள் கழன்றுகொண்டார். அப்பா போனை வைத்தார். "அந்தக் குங்குமத்தையாவது துடை" என்றார் அம்மாவிடம்.

"மாட்டேன்" என்றாள் அம்மா. "நவராத்திரியும் அதுவுமா, ஒரு பொண்ணு நெத்திலேர்ந்து குங்குமத்தை என் கையால அழிக்க மாட்டேன்."

அப்பா மறுபடி போனை எடுத்து எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார். கும்பகோணத்து எண். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி போய்விடுவாள், எல்லாம் என்னால். அம்மா கிட்டே போய்ப் போனின் தலையில் கையை வைத்து அமுக்கினாள்.

"அந்தப் பொண்ணுக்குத்தான் கேக்க ஆளில்லாமப் போச்சு. என் தங்கைக்கு நான் இருக்கேன்."

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்த முதல் தடவை அது. அப்பா போனைக் கீழே வைத்தார். பிறகு, "கற்பூரம் அணைஞ்சுடுத்து, வேற ஏத்து" என்றார். அவ்வளவுதான். சுண்டல் ஆறிப்போயிருந்தது, ஆனாலும் எல்லோரும் சாப்பிட்டோம்.

மறுநாள் புனர் பூஜை முடிந்ததும், நவராத்திரிக்கு வந்துபோகிற பெண்களுக்குக் கொடுப்பதுபோல வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்து அம்மா அந்தப் பெட்டிக்குள் வைத்தாள். மஞ்சள் சரிகை போட்ட நல்ல துணி. அதை என் பாவாடைக்குச் சட்டையாகத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவே ஆட்டோ பிடித்துவந்து பெட்டியைத் தூக்கி வைத்தார். ஆட்டோக்காரர் "கனமா கீதே, உள்ள இன்னா சார்?" என்று கேட்டார். "படிப்பு சாமான்" என்றார் அப்பா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்த சித்தி, நேரே பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கியதற்காக அழுகிறாள் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய், "சாரி சித்தி, என்னாலதானே?" என்றேன்.

"உன்னால இல்லடி" என்றாள். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா தினம் அவளைக் கைல எடுத்துண்டு படிக்கறேன். ஒவ்வொரு எலும்பும் மனப்பாடம். எந்த ஓட்டைல எந்த நரம்பு போறதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அவ யாரு, என்னை எடுத்துக்கோன்னு அவ சொன்னாளான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குத் தோணலயேடி."

எனக்கு உடனே நிம்மதியாகிவிட்டது. இவ்வளவுதானா விஷயம்! கண்ணைத் துடைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "அதுக்குப் போய் அழுவாளா? அதெல்லாம் பரீட்சைல கேக்கவே மாட்டா, சித்தி" என்றேன்.